கிடா மாற்றும் ஞாயிறு

குடிகாட்டு ரேஷன் கடை வரிசையில் அமராவதி பதினோராவது ஆளாக நின்றுகொண்டிருந்தபோது, கம்மாபுரத்தில் ஓர் ஆடு குட்டி போட முடியாமல் திணறிக்கொண்டிருந்தது. இரண்டு ஊருக்கும் நடுவில் ஐம்பது கிலோமீட்டருக்குக் குறையாது. இடுப்பில் மண்ணெண்ணெய் கேனும் கையில் செல்போனுமாக நின்ற அமராவதி, வீடியோவில் தெரிந்த ஆட்டின் பின்புறத்தைக் கண் சுருக்கிப் பார்த்தாள்.

"ஒரு காலுதான் வெளிய இருக்கு தம்பி. இன்னொண்ணு உள்ள மடங்கிக் கெடக்கு. இழுக்காத. மெதுவா உள்ள தள்ளிட்டு, கையை வுட்டுத் தேடு."

வரிசை திரும்பிப் பார்த்தது. எடை போடுபவர் சர்க்கரைக் கரண்டியை அப்படியே பிடித்துக்கொண்டு நின்றார். போனின் அந்தப் பக்கம் கம்மாபுரத்து இளவரசு முழங்கைவரை எண்ணெய் தடவிக்கொண்டு, "கிடைக்கலக்கா, கிடைக்கலக்கா" என்றான். ஆட்டுக்கு வலி வரும்போது சும்மா இரு, விட்டதும் தேடு என்றாள். நாலு நிமிஷம் போயிருக்கும். ஈரத்தோடு ஒரு குட்டி வைக்கோலில் விழுந்து தும்மியது. வரிசையில் அவளுக்கு முன்னால் நின்ற கிழவர், கிடாவா பெட்டையா என்று கேட்டார். பெட்டை என்றாள். யாரோ அவளை முன்னால் போகச் சொல்லி வழி விட்டார்கள்.

இது அவளுக்குப் புதிதல்ல. 'கடலூர் சிதம்பரம் செம்மறி உறவுகள்' என்ற வாட்ஸ்அப் குழுவை ஐந்து வருடமாக நடத்துகிறாள். இருநூற்று முப்பத்தாறு பேர். கடலூரிலிருந்து கொள்ளிடக் கரை வரைக்கும் ஆள் உண்டு. பத்தாம் வகுப்போடு நின்றவள். கல்யாணத்துக்குப் பிறகு ஊரை ஒட்டிய தொழிற்பேட்டையில் ஒரு கம்பெனியில் பொட்டலம் ஒட்டும் வேலைக்கு ஆறு வருடம் போனாள். அது நின்றதும், நெல்லிக்குப்பத்தில் இருக்கும் அம்மா வீட்டிலிருந்து நாலு பெட்டையாடு ஓட்டிவந்தாள். முதல் மழைக்குத் தளதளவென்று புல் முளைத்தது. நன்றாக மேயட்டும் என்று விட்டாள். துள்ளுமாரி நோய் வந்து மூன்று ஆடுகள் ஒரே காலையில் துள்ளி விழுந்து செத்தன. மழைக்கு முன்னால் ஊசி போட்டிருக்க வேண்டும் என்று பிறகு சொன்னவர்கள் பலர். முன்னாலேயே சொல்ல ஒருவரும் இல்லை. குழு தொடங்கிய காரணம் அவ்வளவுதான்.

குழுவுக்குச் சட்டங்கள் உண்டு. குரல் பதிவு ஒரு நிமிஷத்தைத் தாண்டக் கூடாது. காலை வணக்கப் படம் போடுகிறவர் மூன்றாம் முறை வெளியேற்றப்படுவார். விற்கிற ஆட்டைச் சனிக்கிழமை மட்டும் போடலாம். நாலாவது சட்டம்தான் முக்கியம்: ஓர் ஆடு எங்கிருந்து வந்தது என்று யாரும் யாரையும் கேட்கக் கூடாது.

வெளியாருக்கு இது விசித்திரமாகப் படும். ஆடு வளர்ப்பவர்களுக்குப் படாது. "இதை எங்க புடிச்சே?" என்று ஒருவனிடம் கேட்டால், நீ திருடினாயா என்று கேட்டதாகத்தான் அர்த்தம். குழுவின் முதல் வருடத்தில் ஒருவர் அப்படிக் கேட்டு, மற்றவர் பதிலுக்கு அவர் அப்பாவை இழுத்து, விவகாரம் காவல் நிலைய வாசல்வரை போனது. அன்றைக்கே அமராவதி அந்தச் சட்டத்தைப் போட்டாள். அதற்குப் பிறகு சண்டை இல்லை.

கிடா மாற்றும் ஞாயிறும் அவள் யோசனைதான். ஒரே கிடாவை வருடக்கணக்கில் வைத்திருந்தால் அது தன் மகளையே சேரும், குட்டி நோஞ்சானாகும். புதுக் கிடா வாங்க எல்லோராலும் முடியாது. அதனால் தையில் ஒரு ஞாயிறு, ஆடியில் ஒரு ஞாயிறு, கடலூருக்கும் சிதம்பரத்துக்கும் நடுவில் புதுச்சத்திரத்தில் சாலையோரத் திடலில் கூடுவார்கள். உன் கிடாவை நான் ஓட்டிப்போகிறேன், என் கிடாவை நீ ஓட்டிப்போ. காசு கிடையாது. டீயும் சமோசாவும் ஆளுக்கு ஒரு தடவை பொறுப்பு. கயிறு கைமாறும்போது ஒரு படம் எடுத்துக் குழுவில் போடுவார்கள். கீழே முப்பது பேர் கட்டைவிரல் காட்டுவார்கள்.

இந்தத் தையில் அமராவதிக்குக் கிடைத்தது பரங்கிப்பேட்டை ஜமாலுதீனின் கிடா. ஜமாலுதீன் பதினாறு வருடம் சவூதியில் இருந்துவிட்டு வந்து, பக்ரீத் பெருநாளுக்குக் கிடா வளர்க்கிறவர். செங்காவி நிறம், அகலமான மார்பு, நல்ல நடை. ஓட்டிவந்த அன்று தெருவே வந்து பார்த்தது.

ஆனி கடைசியில் குட்டிகள் விழுந்தன. ஒன்பது குட்டிகளில் மூன்றுக்குக் கீழ்த்தாடை குட்டை. மேல் உதடு முன்னால் தொங்க, பார்ப்பதற்குக் கிளி மாதிரி இருந்தது. காம்பைப் பிடிக்க முடியவில்லை. பிடித்தாலும் பால் வழிந்தது. அமராவதி புட்டியில் ரப்பர் மாட்டிக் கொடுத்தாள். படத்தைக் குழுவில் போட்டாள்.

பதில்கள் வரிசையில் நின்றன. சினையாக இருக்கும்போது கிரகணம் பட்டிருக்கும். தாது உப்பு பற்றவில்லை. கரும்புத் தோகையில் மருந்து அடித்திருப்பார்கள். பிறகு ஒருவர், கம்பெனிப் புகை என்று எழுதினார். அதைப் பிடித்துக்கொண்டார்கள். குடிகாட்டில் மனுஷனே மூச்சு விட முடியவில்லை, ஆடு எப்படி விடும் என்றார் இன்னொருவர். யூடியூப் சேனல் வைத்திருக்கும் ஓர் உறுப்பினர் கேமராவோடு சனிக்கிழமை வருவதாகச் சொன்னார். குட்டிகளை அதுவரை விற்றுவிடாதீர்கள் என்றார்.

புகையைப் பற்றிச் சொல்ல அமராவதியிடம் நிறைய இருந்தது. அவள் வீட்டுத் துணி காயும் கொடியே சொல்லும். ஆனால் அதே புகையை மூச்சிழுக்கும் பக்கத்து வீட்டு ஆடுகள் பதினான்கு குட்டி போட்டிருந்தன. ஒன்றுக்கும் தாடை குறையவில்லை. கால்நடை மருத்துவர் குட்டியின் வாயைத் திறந்து பார்த்துவிட்டு, ஒரே ரத்தத்தில் சேர்ந்தால் இப்படி வரும், ஆனால் நீங்கள்தான் வெளிக் கிடா வைத்திருக்கிறீர்களே என்றார். ஆமாம், பரங்கிப்பேட்டைக் கிடா என்றாள். திரும்பி வருகிற வழியில்தான் அந்தப் பதில் அவளுக்கே உறைத்தது. பரங்கிப்பேட்டை என்பது அந்தக் கிடா கடைசியாக நின்ற ஊர். பிறந்த ஊர் அவளுக்குத் தெரியாது. தெரிந்துகொள்ளக் கூடாது என்று சட்டம் போட்டவளே அவள்தான்.

வீட்டுக்கு வந்து குழுவில் போட்ட பழைய படங்களைப் பின்னோக்கித் தள்ளினாள். ஒன்றரை வருடம் முன்பு தையில் அதே கிடா, கொஞ்சம் இளசாக. கயிற்றின் ஒரு முனையில் ஜமாலுதீன், மறுமுனையில் புவனகிரி ராமாமிர்தம். அதற்கு முந்தைய தையில் அதே காது, அதே நெற்றிக் கோடு, ஏழு மாதக் குட்டி. ராமாமிர்தத்திடம் கயிற்றைக் கொடுத்துக்கொண்டிருந்தவன் இளவரசு. அவன் பின்னால் மரத்தடியில் ஒரு பெரிய கிடா கட்டியிருந்தது. அதை அடையாளம் காண அவள் படத்தைப் பெரிதாக்க வேண்டியிருக்கவில்லை. மூன்றரை வருடம் முன்பு அவளே இளவரசுக்கு மாற்றிக் கொடுத்த கிடா, நெத்திச்சுட்டி. இன்றைக்கு அவள் கொட்டிலில் நிற்கும் பெட்டைகளில் பாதி நெத்திச்சுட்டியின் மகள்கள். அப்பனை அனுப்பினாள், மகன் மூன்று ஊர் சுற்றிவிட்டு அக்காள்களிடமே வந்து சேர்ந்திருந்தான்.

ஒருவரும் பொய் சொல்லவில்லை. ஒருவரும் ஏமாற்றவும் இல்லை. எல்லோரும் மரியாதையாக இருந்திருக்கிறார்கள்.

அடுத்த ஞாயிறு ஆடி முதல் ஞாயிறு. பதினெட்டுக் கிடாக்கள் பெயர் கொடுத்திருந்தன. அதில் எத்தனை இப்படித் திரும்பி வருகின்றன என்பது யாருக்கும் தெரியாது. சொன்னால் அவள் ஐந்து வருடமாகக் கட்டியது ஆட்டம் கண்டுவிடும். சொல்லாவிட்டால் தையில் இன்னும் நாலைந்து கொட்டிலில் கிளிவாய்க் குட்டிகள் விழும், அவர்களும் புகையையும் கிரகணத்தையும் திட்டிக்கொண்டிருப்பார்கள்.

கணவன் செந்தமிழ்செல்வன் டேங்கர் லாரி ஓட்டுகிறான். அவளுக்குச் சொந்தத் தாய்மாமன். சாப்பிட்டுக்கொண்டே முழுக் கதையையும் கேட்டான்.

"ஊரே கம்பெனிப் பொகைன்னுது. சொல்லிட்டுப் போவட்டும். நீ ஏன் போயி தலையைக் குடுக்குற?" என்றான். கொஞ்சம் பொறுத்து, "நானும் ஒனக்குத் தாய்மாமன்தான். நம்ம எழிலரசிக்கு என்ன கொறை வந்துச்சு?"

மகள் எழிலரசி சிதம்பரத்தில் நர்சிங் படிக்கிறாள்.

"அது ஒருதரம் மாமா. ஆடு வருசா வருசம் கட்டுது."

அவன் சிரிக்காமல் ரசத்தை ஊற்றிக்கொண்டான்.

முதலில் ஜமாலுதீனிடம் பேச வேண்டும் என்று முடிவு செய்தாள். குழுவில் போட்டால் எல்லோருக்கும் கண்ணில் படப்போவது கிடாவைக் கொடுத்தவர் பெயர்தான். காலையில் அழைத்தாள். நலம் விசாரித்தாள், அவர் மனைவி அஜீசுன்னிசாவின் மூட்டுவலியை விசாரித்தாள். அதற்கு மேல் விசாரிக்க எதுவும் இல்லாமல் போனதும் கேட்டாள்.

"பாய், அந்தக் கிடா ஒங்களுக்கு எங்கேர்ந்து வந்துச்சு?"

ஜமாலுதீன் ஆட்டுச் சத்தத்தை விட்டுத் தள்ளி வந்து பேசினார்.

"அமராவதிம்மா, அந்த ரூல்ஸ போட்டதே நீங்கதான்."

"அதான் போன்ல கேக்குறேன். குரூப்புல கேக்கல."

"ராமாமிர்தம் குடுத்தாரு. ஏன், எவனாச்சும் எங்க ஆடுன்னு வந்து நிக்கிறானா?"

"நான்தான் நிக்கிறேன் பாய். அது எங்க ஆடு."

ஒவ்வொரு படமாகச் சொன்னாள். கேட்டு முடித்த ஜமாலுதீன் முதலில் சிரித்தார். அப்பன் வூட்டுக்கே மாப்பிள்ளையா வந்துட்டானா என்றார். பிறகு, தன் கொட்டிலில் ஒரு வருடம் நின்றதே, அங்கே ஏன் ஒன்றும் வரவில்லை என்று கேட்டார். உங்கள் பெட்டைகள் வேறு ரத்தம் என்றாள். அதற்கப்புறம் அவர் குரல் இறங்கியது.

"குரூப்புல போட்டீங்கன்னா, பாய் கெட்ட கிடாவைத் தள்ளிவுட்டுட்டாருன்னுதான்மா பேசுவானுங்க. மீதிய ஒருத்தனும் படிக்க மாட்டான். பெருநாளுக்கு எங்கிட்ட வாங்குறவன் ஜாஸ்தி பேரு அதுலதான் இருக்கான்."

"ஒங்க பேரு கடைசியிலதான் வரும் பாய். என் பேருலேர்ந்து ஆரம்பிக்கிறேன்."

ஜமாலுதீன், பார்த்துப் பண்ணுங்க என்று வைத்துவிட்டார்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் அமராவதி நாலு படங்களை வரிசையாகப் போட்டாள். முதல் படம் அவளும் நெத்திச்சுட்டியும். கடைசிப் படம் கிளிவாய்க் குட்டி. கூடவே ஐம்பத்தெட்டு விநாடிக் குரல் பதிவு. ஆறு தடவை பேசி அழித்தது. இந்தக் குறை எங்கள் கிடாவிடமிருந்து தொடங்கியது, வட்டமாகச் சுற்றி எங்களிடமே வந்தது, எங்கிருந்து என்று கேட்கக் கூடாது என்று சொன்னது நான், அந்தச் சட்டத்தை இன்றோடு எடுக்கிறேன், ஞாயிற்றுக்கிழமை கயிறு மாற்றுவதற்கு முன் ஒவ்வொருவரும் தம் கிடாவின் வரலாற்றைச் சொல்ல வேண்டும். இவ்வளவுதான். அழவில்லை, மன்னிப்பும் கேட்கவில்லை. மன்னிப்பு கேட்டால் ஒரு நிமிஷத்தைத் தாண்டிவிடும்.

இருபது நிமிஷத்தில் ராமாமிர்தம் வெளியேறினார் என்று திரை காட்டியது. அவருக்குப் பின்னால் இன்னும் ஏழு பேர். சேனல்காரர், சனிக்கிழமை வேறு வேலை வந்துவிட்டது என்று எழுதினார். ஒருவர், அப்போ எங்க ஆட்டுக்கு வந்த வாதத்துக்கும் நீங்கதான் காரணமா என்று கேட்டார். இளவரசு மட்டும் அவரிடம் மல்லுக்கு நின்றான். நெத்திச்சுட்டியின் மக்கள் இன்னும் யார் யாரிடம் போனார்கள் என்ற பட்டியலைத் தானே எழுதிப் போட்டான். பதினோரு பெயர். அமராவதி ஒவ்வொரு பெயராக விரல் வைத்து எண்ணினாள். அவ்வளவு தூரம் போயிருக்கும் என்று அவள் நினைக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை பதினெட்டில் பத்துக் கிடாக்கள் வந்தன. கேள்வி கேட்டுப் பழக்கமில்லாதவர்கள் கேட்கத் தொடங்கினார்கள். முதலில் தரையைப் பார்த்துக்கொண்டு, "தப்பா நெனச்சுக்காதீங்க மச்சான்" என்று சேர்த்துக் கேட்டார்கள். அரை மணி நேரத்தில் சத்தமாகவே கேட்டார்கள். ஒருவர் தன் கிடாவின் தாய் யாரிடம் வாங்கியது என்று சொல்லத் தெரியாமல், அங்கேயே நின்று தன் மச்சானுக்குப் போன் போட்டார். ஒரு ஜோடி கயிற்றை மாற்றிவிட்டு, இரண்டுமே ஒரு தாய்க் குட்டிகள் என்று தெரிந்து திரும்ப மாற்றிக்கொண்டது. அப்படித் தள்ளுபடியானவை நாலு. ஆறு கிடாக்கள் கைமாறின. ஜமாலுதீன் வெள்ளாற்றுக்குத் தெற்கேயிருந்து வந்த ஒரு கிடாவைப் பிடித்தார். அவரிடம் சமோசாவை நீட்டினார்கள். அவர் வாங்கிக்கொண்டார்.

அமராவதி ஒவ்வொரு கிடாவாகப் போய் நின்றாள். மூன்றாவது கிடாக்காரர் வேண்டாம் என்று தலையாட்டினார். ஐந்தாவது ஆளும் ஆட்டினார். திடலில் வேறு ரத்தம் என்று இருந்த கிடாக்கள் ஆறு. அவை ஏற்கெனவே கைமாறியிருந்தன. மீதியில் எதைத் தொட்டாலும் நெத்திச்சுட்டியின் மகனாகவோ பேரனாகவோ இருந்தது. ஐந்து வருடமாகக் கேட்டவர்களுக்கெல்லாம் நல்ல கிடாவாகப் பார்த்துக் கொடுத்தவள் அவள்.

"என்னக்கா, ஒங்களுக்கு ஒண்ணும் அமையலியா?" என்றான் இளவரசு.

"எல்லாம் சொந்தக்காரனா இருக்கான்."

ஓட்டிவந்த கிடாவைக் கறிக்கு எடுப்பவரிடம் பேசி ஏற்றிவிட்டாள். வெறுங்கயிற்றைச் சுருட்டிக் கூடைக்குள் போட்டாள். இந்த ஆடியில் அவள் பெட்டைகளுக்குச் சேர்க்கை இல்லை. தையில் குட்டி இல்லை. ஒரு பருவம் போயிற்று. கடலூர் பஸ் நிறைய கூட்டம். நின்றுகொண்டே வந்தாள். ஆலப்பாக்கம் தாண்டும்போது போன் அடித்தது. குறிஞ்சிப்பாடிப் பக்கம் ஒரு புது உறுப்பினர், பெண் குரல், ஆட்டுக்கு வயிறு உப்பி மூச்சு வாங்குகிறது என்றாள். என்ன தின்றது என்று கேட்டாள் அமராவதி. கல்யாண வீட்டுச் சோறு. ஆப்பசோடா இருக்கிறதா, தண்ணீரில் கரை, தலையை ரொம்பத் தூக்காமல் கொஞ்சம் கொஞ்சமாகப் புகட்டு, நிற்க வை, உட்கார விடாதே, அப்படியே டாக்டருக்கும் போனைப் போடு என்றாள். கம்பியைப் பிடித்த கையை மாற்றிக்கொண்டாள்.

"அப்புறம், அந்த ஆட்டை எங்கேர்ந்து வாங்குனே?"

அந்தப் பெண் தயங்காமல் சொன்னாள்.