முதல் படத்தில் இருந்த நிழல்

லலிதா போய்விட்டார் என்ற செய்தி எனக்கு ஒரு படமாக வந்தது. வங்காளத்தில் எங்கள் பெஹாலா பகுதித் தமிழர்களின் போன் குழுக்களில் கைமாறிக் கைமாறி வந்ததால், மாலையிட்ட முகம் கட்டம் கட்டமாக உடைந்திருந்தது. அவர் பார்த்திருந்தால் சகித்திருக்க மாட்டார்.

ஸ்கேன் படங்களைக் கணினியில் சேமித்து மருத்துவர்களுக்குக் காட்டும் வேலை எங்கள் இருவருக்கும். அக்காவைத் 'தி' என்னும் வங்காளிகளைப் போல நானும் அவரை லலிதாதி என்றே கூப்பிடுவேன். ஃபிலிமைப் போனில் படமெடுத்து அனுப்புகிறவர்களைக் கண்டால் அவருக்குப் பற்றிக்கொண்டு வரும். "கம்ப்யூட்டர்ல படம்னு ஒண்ணு கிடையாது. கட்டத்துக்குக் கட்டம் ஒரு நம்பர், அவ்வளவுதான். ஆயிரக்கணக்கான சாயல் உள்ளே இருக்கு, திரை ஒரு நேரத்துல கொஞ்சத்தைத்தான் காட்டும். இருட்டா இருந்தா அங்கே ஒண்ணுமில்லைன்னு அர்த்தமா?" என்பார். பிறகு திரையில் வெளிச்ச அளவை மெல்ல நகர்த்துவார். வெறும் கருப்பிலிருந்து ஏதோ ஒன்று எழுந்து வரும்.

போன மழைக்காலத்தில் அவருக்கே இருமல் விடவில்லை. பக்கத்து அலிப்பூரில் ஸ்கேன் எடுத்தார். கணவர் ரமணி ஃபிலிமைப் போனில் படமெடுத்து, திருச்சியில் டாக்டராக இருக்கும் தம்பிக்கு அனுப்பிவிட்டார். இங்கே எத்தனை டாக்டர் இருந்தாலும் ஊரில் நம் மனிதர் பார்த்தால்தான் நமக்கெல்லாம் திருப்தி. "ஒண்ணுமில்லை அண்ணா, தைரியமா இரு" என்று பதில் வந்தது. வீட்டில் மகளின் கல்யாண வேலை தொடர்ந்தது.

"ஒரிஜினலைத் திறந்து பார்த்தீங்களா?" என்று லலிதாதியிடம் கேட்டேன்.

"ரிப்போர்ட்டையே நான் போய் வாங்கிண்டு வந்தாச்சு. சும்மா தொணதொணக்காதே."

லலிதாதி என்னிடம் எரிந்து விழுந்தது அன்றுதான்.

தையில் கல்யாணம் நன்றாக நடந்தது. மாசியில் படுத்த லலிதாதி எழுந்திருக்கவில்லை; மறுபடி எடுத்த ஸ்கேனில் புற்றுநோய் பரவியிருந்தது.

காரியங்கள் முடிந்ததும் ரமணி அந்த அலிப்பூர் ஸ்கேன் இருந்த சிடியோடு அலுவலகத்துக்கு வந்தார். "முதல் படத்துலயே இருந்துதா? நான் போட்டோ அனுப்பினதாலதான் தெரியாம போச்சா?"

லலிதாதியின் கணினியில் போட்டேன். அதே படம் அதில் ஏற்கெனவே சேமிக்கப்பட்டிருந்தது. வெளிச்சத்தை நான் நகர்த்த வேண்டியிருக்கவில்லை. லலிதாதியே சரியான இடத்தில் நிறுத்தி வைத்திருந்தார். இடது நுரையீரலின் அடியில் பட்டாணி அளவு நிழல். அதைச் சுற்றி அவர் போட்ட வட்டம். சேமித்த தேதி, திருச்சியிலிருந்து பதில் வந்த அதே வாரம்.

ரமணி குனிந்து அந்தத் தேதியைப் படித்தார். "தெரிஞ்சே இருந்தாளா? ரிப்போர்ட்ல ஒண்ணுமில்லைன்னு என்கிட்ட சொன்னாளே."

சிடியை என் மேஜையிலேயே வைத்துவிட்டு, "இதை நம்ம குழுக்கள்ல எழுதுங்கோ. கல்யாணம் முடியட்டும்னு இன்னொருத்தி வாயை மூடிண்டு இருக்கக் கூடாது" என்றார்.

அதனால் எழுதுகிறேன். அவரைத் தெரிந்தவர்களே, தியாகம் என்று யாரும் என்னிடம் சொல்லாதீர்கள். அவர் மேல் எனக்குக் கோபம் தீரவில்லை. அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியது அந்த வட்டம்தான். அழிக்க மனம் வரவில்லை. இப்போதெல்லாம் ஒரு படம் சுத்தமாகத் தெரிந்தால்தான் எனக்குப் பயமாக இருக்கிறது.