காபி குடித்த வெறும் வயிறு

எனக்குத் தைராய்டு சுரப்பு குறைவு என்று கண்டுபிடித்த மல்காஜ்கிரி டாக்டர், மாத்திரையைக் காலையில் வெறும் வயிற்றில் போடச் சொன்னார். போட்டேன். வருடக்கணக்கில் தவறாமல் போட்டேன். இதில் பொய் ஒன்றும் இல்லை. எங்கள் மதுரைப் பக்கத்துக் கணக்கில் காபி குடித்த வயிறும் வெறும் வயிறுதான்; இட்லி விழும்வரை அது காலி. ரத்தப் பரிசோதனைக்குப் போகிறவர்கூட, "ஒண்ணும் சாப்பிடலைங்க, காபி மட்டுந்தான் குடிச்சேன்" என்று பெருமையோடு கையை நீட்டுவார்.

காலையில் என் மனைவி டபராவில் காபியைக் கொண்டுவந்து வைப்பாள். பக்கத்தில் மாத்திரை. இரண்டாவது மடக்கில் அது உள்ளே போகும். ஹைதராபாத்துக்கு வந்த நாளிலிருந்து ஊர்க் காபிப்பொடியைத் தபாலில் வரவழைத்துக் குடிக்கும் குடும்பம் இது. தண்ணீரோடு மாத்திரை விழுங்குவது நோயாளிகள் செய்கிற காரியம் என்று நாங்கள் நினைத்திருக்க வேண்டும்.

மாத்திரை வேலை செய்யவில்லை. எடை ஏறியது, மதியக் கூட்டங்களில் கண் செருகியது. டாக்டர் ரிப்போர்ட்டைப் பார்ப்பார், வெறும் வயிற்றில்தானே போடுகிறீர்கள் என்று கேட்பார், ஆமாம் என்பேன், அளவை ஏற்றுவார். அடுத்த முறையும் அதே கேள்வி, அதே பதில், அதே ஏற்றம். இரண்டு நேர்மையான மனிதர்கள் சேர்ந்து இவ்வளவு சேதம் செய்ய முடியும் என்பதை அப்போது நான் அறியவில்லை.

அந்த நேரத்தில்தான் என் மைத்துனன் வந்து சேர்ந்தான். மனைவியின் தம்பி. யூடியூபில் மருத்துவம் படித்தவன். என் தொப்பையைப் பார்த்தபடியே சோபாவில் உட்கார்ந்தான்.

"மாமா, மொதல்ல அந்தக் காபியை நிப்பாட்டுங்க. வெசம் அது."

"இவ்வளவு நாளா சாகாம இருக்கேனேடா?"

"மெதுவாக் கொல்லும் மாமா."

"எனக்கு ஒண்ணும் அவசரம் இல்லை."

"ஏங்க, அவன் நல்லதுக்குத்தான சொல்றான்" என்றாள் மனைவி. எங்கள் வீட்டில் இந்த வாக்கியத்துக்குப் பிறகு மேல்முறையீடு கிடையாது.

மறுநாளிலிருந்து காபி போயிற்று, அரிசி போயிற்று, வெள்ளைச் சர்க்கரையும் போயிற்று. தினை, சாமை, கேழ்வரகுக் கஞ்சி வந்தன. வெள்ளைச் சர்க்கரை இருந்த இடத்தில் கருப்பட்டி, தேன், பேரீச்சம்பழம். இயற்கையானவை என்பதால் அளவில்லாமல். மாத்திரை மட்டும் இருந்த இடத்தில் இருந்தது. இப்போது ஒரு டம்ளர் வெந்நீரோடு.

சில வாரங்களில் இளைக்கத் தொடங்கினேன். லிஃப்டில் ஆட்கள் என்ன ரகசியம் என்று கேட்டார்கள். மைத்துனன் பழைய படத்தையும் புதிய படத்தையும் ஒட்டிக் குடும்பக் குழுவில் போட்டான். பிறகு இதயம் துடிக்க ஆரம்பித்தது. அது முன்பும் துடித்துக்கொண்டுதான் இருந்தது. ஆனால் எனக்குத் தெரிவிக்காமல் துடித்தது. இப்போது சும்மா உட்கார்ந்திருக்கும்போதே கடைசி ரயிலுக்கு ஓடுகிறவன்போல் அடித்தது. விரல்கள் நடுங்கின. மற்றவர்கள் சால்வை போர்த்திக்கொள்கிற ஏசி அறையில் எனக்கு வியர்த்தது.

"உள்ள இருக்க நச்செல்லாம் வெளியேறுது மாமா" என்றான், அதற்குள் ஊர் திரும்பிவிட்ட மைத்துனன் போனில்.

"எனக்கென்னமோ நானே வெளியேறுற மாதிரி இருக்குடா."

இதை அலுவலகத்தில் யாரிடமும் சொல்லாமல் மறைக்க எனக்குக் காரணம் இருந்தது. மாதாப்பூரில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில், கருவிகளுக்குக் கையேடு எழுதும் பிரிவுக்கு நான் தலைவன். யாரும் படிக்காத நூல்களை எழுதும் கூட்டத்துக்குத் தலைவன் என்றாலும் தலைவன் தலைவன்தான். அந்த வருடம் பிரிவுகளைக் கலைத்து ஒன்றோடொன்று சேர்த்துக்கொண்டிருந்தார்கள். ஐம்பது தாண்டியவர்களைப் பார்த்து எல்லோரும் திடீரென்று உடல்நலம் விசாரித்தார்கள். வெளிநாட்டு வாடிக்கையாளர் முன்னால் நான் புதிய திட்டத்தை விளக்க வேண்டும். அது நன்றாக நடந்தால் சேர்க்கப்படும் பிரிவுக்கும் நானே தலைவன். இல்லாவிட்டால் யாருக்கோ கீழே நான். என் மேலதிகாரி கோயம்புத்தூர்க்காரர், என்னைவிட மிகவும் இளையவர், மரியாதை தெரிந்தவர். மரியாதை தெரிந்தவர்களிடம்தான் அதிகம் பயப்பட வேண்டும்.

அந்த நாள் வந்தது; விளக்கம் நடுவில் நின்றது. தண்ணீர் டம்ளரை எடுத்தேன். பாதி என் சட்டையில், பாதி மேசையில். நெஞ்சு அடித்த வேகத்தில் திரையில் இருந்த எழுத்துகள் நகர்ந்தன. நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன். மேலதிகாரி மீதியை அவரே முடித்தார், என்னைவிட நன்றாக.

"வீட்டுக்குப் போங்க சார். ஒடம்பு மொதலுங்க, வேலை எங்கீங்க போயிரப் போகுது?"

அது எங்கே போகும் என்பது இரண்டு பேருக்கும் தெரிந்திருந்தது.

இதய மருத்துவர் எல்லாம் பார்த்துவிட்டு, இதயத்தில் கோளாறு இல்லை, யாரோ அதை விரட்டுகிறார்கள் என்று சொல்லி, சுரப்பிகளைப் பார்க்கும் வேறொரு டாக்டரிடம் அனுப்பினார். புதிய ரத்தப் பரிசோதனையில் முதன்முறையாகச் சர்க்கரையும் எகிறியிருந்தது. சர்க்கரையைக் கைவிட்ட பிறகு சர்க்கரை வந்த முதல் மதுரைக்காரன் நானாகத்தான் இருப்பேன்.

அந்த டாக்டரம்மா செகந்திராபாத்திலேயே பிறந்து வளர்ந்த தமிழர்; பேச்சில் ஊர் உருது கலந்து வரும், ஏன் என்பதற்குக் 'கைக்கு' என்பார். பழைய ரிப்போர்ட்டுகளையும் புதியதையும் மேசையில் பரப்பி வைத்துக்கொண்டார்.

"இத்தனை வருஷம் மாத்திரை பத்தல, இப்ப திடீர்னு ஜாஸ்தி. கைக்கு சார்? என்ன மாத்தினீங்க?"

"எதையும் மாத்தலை டாக்டர். வெறும் வயித்துலதான் போடறேன்."

மனைவி குறுக்கிட்டாள். "ஆமா டாக்டர். முன்னாடியெல்லாம் காபியோட நான்தான் எடுத்து வைப்பேன். இப்பத்தான் வெந்நி, கஞ்சி, கருப்பட்டியெல்லாம்."

டாக்டரம்மா பேனாவை மூடினார். "காபியோடயா?"

"ஹவ்" என்றேன், ஆமாம் என்பதை அவர் ஊர் உருதுவிலேயே. அவர் சிரிக்கவில்லை.

பிறகு பொறுமையாகச் சொன்னார். காபி அந்த மாத்திரையை உடம்பில் சரியாகச் சேரவிடாது. சேராததால் ரிப்போர்ட் மோசமாக வந்திருக்கிறது, அளவை ஏற்றியிருக்கிறார்கள். காபியை நிறுத்தியதும், ஏற்றி வைத்த அளவு முழுக்க உள்ளே இறங்கிவிட்டது. தைராய்டு அதிகமானால் இதயம் பறக்கும், கை நடுங்கும், எடை குறையும், சர்க்கரையும் ஏறும்.

"அதுக்கு மேல கருப்பட்டி வேற. உங்க ரத்தத்துக்குக் கருப்பட்டியும் சக்கரைதான் சார், இயற்கைன்னு அதுக்குத் தெரியாது. இனிமே மாத்திரை தண்ணியில. ஒரு மணி நேரம் கழிச்சுக் காபி தாராளமாக் குடிங்க. அளவைக் குறைச்சுத் தர்றேன். நீங்களா நிறுத்துறது மட்டும் நக்கோ, கூடவே கூடாது."

ஆட்டோவில் திரும்பும்போது மனைவி வெளியே பார்த்துக்கொண்டே வந்தாள். மெட்டுகூடா தாண்டியதும் கேட்டாள்.

"நான்தான் கெடுத்தேன்னு சொல்றீகளா?"

"நான் எதுவுமே சொல்லலையே."

"அதான். ஏதாவது சொன்னாத்தான் என்ன?"

கெடுத்தது அவள் அன்பு; சரியாக்கியது அவள் தம்பியின் முட்டாள்தனம்; சரியானதால் பிடிபட்டது என் இதயம். இதில் யாரைத் திட்டுவது? மைத்துனனிடம் போனில் விஷயத்தைச் சொன்னபோது, "பாத்தீகளா மாமா, காபிதான் வெசம்னு அப்பவே சொன்னேன்ல" என்றான். அவன் சொன்னதை மறுக்க முடியவில்லை என்பதுதான் என் வாழ்நாளின் பெரிய தோல்விகளில் ஒன்று.

லீவு போட்டு வீட்டில் இருந்த வாரங்களில் அளவு குறைந்தது, இதயம் அடங்கியது. கருப்பட்டியை விட்டேன், சர்க்கரை எல்லைக்கோட்டுக்கு இந்தப் பக்கம் வந்து நின்றது. விரல்கள் நடுங்காமல் ஊசியில் நூல் கோத்துக் காட்டினேன், யாரும் கேட்காமலே. அந்த ரிப்போர்ட்டுகளை எடுத்துக்கொண்டு மேலதிகாரியிடம் போனேன். உடம்பில் ஒன்றும் இல்லை, மாத்திரைக் குழப்பம்தான், நான் தயார் என்றேன்.

அவர் எழுந்து நின்று கை குலுக்கினார். ரிப்போர்ட்டைக் கண்ணாலும் பார்க்கவில்லை.

"ரொம்பச் சந்தோசமுங்க சார். ஆனா அந்தப் பொறுப்பை நீங்க லீவுல இருக்கறப்பவே புனே டீமுக்கு மாத்தியாச்சுங்க. உங்க நல்லதுக்குத்தானுங்க. டென்சன் வேண்டாமுங்க உங்களுக்கு."

"எனக்கு டென்சன் இல்லைன்னுதான் ரிப்போர்ட் சொல்லுது."

"அதை அப்படியே மெயின்டெய்ன் பண்ணுங்க சார்."

எனக்கு வேறு வேலை வைத்திருந்தார். ஊழியர்களுக்கு மாதாமாதம் அனுப்பும் மடலில் ஆரோக்கியப் பக்கம். எழுத ஆள் தேடிக்கொண்டிருந்தார்களாம். "உங்களுக்கு எழுத்தும் வருது, அனுபவமும் இருக்குதுங்களே."

முதல் கட்டுரையின் தலைப்பையும் அவரே கொடுத்தார்: அலுவலகத்தில் மன அமைதி. இரண்டு நாளில் எழுதி முடித்தேன். ஆழ்ந்து மூச்சு விடுவது, ஜன்னல் வழியாக மரத்தைப் பார்ப்பது. எங்கள் ஜன்னல் வழியாகத் தெரிவது இன்னொரு நிறுவனத்தின் ஜன்னல் என்பதை விட்டுவிட்டேன். அவருக்கு மிகவும் பிடித்திருந்தது. ஒரே ஒரு திருத்தம்தான் சொன்னார். கட்டுரையின் கீழே, பழக்கத்தில், என் பெயருக்கு அடியில் பழைய பதவியைப் போட்டிருந்தேன். அதை எடுத்துவிடச் சொன்னார். எடுத்தேன். கை நடுங்கவில்லை.