மூன்று செடிக்குச் சுற்றிய நைலெக்ஸ் சேலை

நில அளவைத் திணைக்களத்தில் வேலை பார்த்தவன் நான். இலக்கமிட்டால்தான் எழுதக் கை ஓடும். அந்தக் கோடையைப் பற்றிச் சொல்லப்போவது இவ்வளவுதான்:

1. மணம்
2. அனுமதிப் பத்திரமும் என் பயமும்
3. துரை அண்ணை செய்த பிழையும் நான் காப்பாற்றிய நாலாவது செடியும்
4. சேலைகள்

முதலில் மணம். எலுமிச்சந்தோலில் இரண்டு சொட்டு மண்ணெண்ணெய் விட்டுக் கசக்கினால் வருமே... அது. இலங்கையில் போர் முடிந்த அந்த ஆண்டின் கோடை முழுக்க, கனடாவில் ரூஜ் என்ற இடத்தில் எங்கள் பின்வளவில் அந்த மணம்தான்.

நாலு கஞ்சாச் செடிகள்.

ஓம், கஞ்சாதான். என் மனைவி பரமேசுக்கு நரம்பு நோய். கால் இரண்டும் நெருப்பாய் எரியும், கண்ணயர விடாது. வேறு மருந்துகள் கேளாமல் போனபின் டொக்டர் இதை எழுதிக் கொடுத்தார். வீட்டிலேயே வளர்க்க அரசாங்க அனுமதியும் வந்தது. வரப்போகும் குளிர்காலத்துக்கான அவளுடைய நித்திரை அந்த நாலு செடிகளில்தான் இருந்தது.

பத்திரத்தை லாமினேட் செய்து சட்டைப்பையில் வைத்துக்கொண்டுதான் தண்ணீர் ஊற்றுவேன். வானத்தில் பொலிஸ் ஹெலிகொப்டர் சத்தம் கேட்டால் கை தானாகப் பைக்குப் போகும்.

"இஞ்சருங்கோ, அவங்கள் மேல இருந்து அதை எப்பிடி வாசிக்கிறது? பெரிசா எழுதிக் கூரையில ஒட்டுங்கோவன்!" என்று ஜன்னலுக்குள் இருந்து பரமேஸ் சிரிப்பாள்.

சட்டிவா என்ற நெட்டை இனம் அது. பூக்கத் தொடங்கிய பின்னும் நிற்காமல் உயரும். பூ முற்ற ஒக்டோபர் கடைசியாகிவிடும். அதற்குள் உறைபனி விழுந்தால் எல்லாம் போச்சு. கிழமைக்கு ஒருமுறை அளவுநாடா பிடித்து அளந்து கொப்பியில் எழுதினேன்... அளப்பதால் பனி தள்ளிப் போகாது என்று தெரிந்தும்.

இரண்டு வீடு தள்ளித் துரை அண்ணை இருந்தார். ஊரில் புகையிலைத் தோட்டம் செய்தவர். அவருடைய தங்கச்சி, போர் முடிந்தபின் சனங்களை அடைத்து வைத்த முகாமில் இருந்தாள். போர் முடிந்த மே மாதத்துக்குப் பிறகு மனிதர் ரெலிபோனுக்குப் பக்கத்திலேயே இருந்தார், யாருடனும் பேச்சில்லை.

"அந்த மனுசனை ஒருக்காக் கூப்பிடுங்கோ. செடியெண்டால் வருவார்" என்றாள் பரமேஸ்.

வந்தார். "என்ன தம்பி, மரவள்ளியே?" என்றார். விசயத்தைச் சொன்னேன். ஓர் இலையைக் கிள்ளி மணந்து பார்த்தார். "புகையிலைக்குத் தூரத்துச் சொந்தம் போல கிடக்கு!" மறுநாளும் வந்தார். அதற்கடுத்த நாளும்.

ஓகஸ்டில் செடிகள் ஆறடி வேலிக்குச் சமமாய் நின்றன. நுனிகளில் வெள்ளை நூல் போலப் பூ எட்டிப் பார்த்தது. அன்று பரமேசை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போகவேண்டி இருந்தது. "கண்டுகளை ஒருக்காப் பாத்துக்கொள்ளுங்கோ அண்ணை" என்று சொல்லிவிட்டுப் போனேன்.

திரும்பி வந்தால், மூன்று செடிகளுக்குத் தலையே இல்லை! முறித்த நுனிகள் பேப்பரில் வரிசையாய்க் கிடந்தன. துரை அண்ணை நாலாவதில் கை வைத்திருந்தார். மே மாதத்துக்குப் பிறகு அவர் முகத்தில் முதல் சிரிப்பு.

"பூ வந்தால் உடன முறிக்கவேணும் தம்பி. இல்லாட்டி இலை தடிக்காது."

புகையிலைக்கு அதுதான் முறை. அதில் இலைதான் பயிர். இதில் பூதான் மருந்து என்பதை நான் அவருக்குச் சொல்லியே இருக்கவில்லை. பாய்ந்து போய் அவர் கையைப் பிடித்தேன். வாழ்க்கையில் ஒருவர் கையை நான் தடுத்தது அந்த ஒருமுறைதான்.

பரமேஸ்தான் சொன்னாள். "அண்ணை, எனக்குப் பூவெல்லோ மருந்து!" சொல்லிவிட்டுக் கண்ணில் நீர் வரச் சிரித்தாள். அவர் சிரிக்கவில்லை. தேத்தண்ணியும் குடிக்காமல் போனார்.

பிறகு வரவில்லை. போய்க் கூப்பிட எனக்கும் துணிவில்லை. குளிர்காலத்தை நினைத்துக்கொண்டு அளந்தேன், எழுதினேன்.

செப்டெம்பர் நடுவில் ஒரு நாள், முறிந்த ஒரு நுனிக்குக் கீழே எண்ணிப் பார்த்தேன். எட்டுக் கிளைகள். எட்டிலும் பூ! நம்பாமல் மறுபடி எண்ணினேன். அன்று போய்க் கதவைத் தட்டினேன்.

"நான் பாழாக்கினனான் தம்பி, என்னை விடுங்கோ."

"வந்து எண்ணிப் பாருங்கோ அண்ணை."

வந்து எண்ணினார். பிறகு, "பரமேஸ், தேத்தண்ணி இருக்கே?" என்று உள்ளே பார்த்துக் குரல் கொடுத்தார்.

ஒக்டோபரில் பனி அறிவித்தல் வந்ததும் பரமேஸ் தன் பழைய நைலெக்ஸ் சேலைகளை எடுத்துத் தந்தாள். பொழுது சாயமுன் நானும் அண்ணையும் சுற்றுவோம், விடிந்ததும் அவிழ்ப்போம். ரோஸ், பச்சை, மாம்பழ மஞ்சள்... மூன்று பொம்பிளைகள் கலியாணத்துக்கு நிற்பது போல இருக்கும். "மாப்பிள்ளையள் எங்க?" என்பாள் பரமேஸ். "உதில நிக்கிற ரெண்டு கிழவங்களும் ஆர்?" என்பார் அண்ணை.

மூன்றும் முற்றின. பரமேஸ் அந்தக் குளிர்காலம் நித்திரை கொண்டாள். தங்கச்சி முகாமிலிருந்து வெளியே வந்துவிட்டாள் என்று, டிசெம்பரில் ஒரு காலை செருப்புக்கூடப் போடாமல் பனிக்குள்ளால் ஓடிவந்து சொன்னார் துரை அண்ணை.

இப்போது சட்டம் மாறிவிட்டது, பத்திரமே தேவையில்லை. யாரும் வீட்டில் நாலு செடி வைக்கலாம். பரமேசுக்குக் கடையில் எண்ணெய்ச் சொட்டு வாங்குகிறேன். நல்லாய் வேலை செய்கிறது. மணம்தான் இல்லை. துரை அண்ணை பிறம்ரன் நகரில் மகனோடு. கண் மங்கிவிட்டது. இதை மகன்தான் வாசித்துக் காட்ட வேண்டும்.

ஆகவே அண்ணை, கேளுங்கோ. நான் கைபிடித்துக் காப்பாற்றிய நாலாவது செடி பதினொரு அடி வளர்ந்தது. நீங்கள் முறித்த மூன்றும் வேலியளவில் நின்றதால் சேலை எட்டியது, இதன் நுனிக்கு எட்டவில்லை. முதல் உறைபனியில் கறுத்துப் போனது. "அது உயரமெல்லோ தம்பி, நீங்கள் என்ன செய்யிறது" என்று நீங்கள்தான் எனக்கு ஆறுதல் சொன்னீர்கள். அப்போது நான் சொல்லாததை இப்போது சொல்கிறேன்.

மேலே மூன்றாம் இலக்கத்தில் எழுதியது பிழை. நாலையும் முறிக்க விட்டிருக்க வேண்டும்.