குரூப் டீச்சர் கேட்டு வந்த பிள்ளை

தென்காசியில் சங்கரேஸ்வரி டீச்சர் வீடு எது என்று கேட்டால் பாதிப் பேருக்குத் தெரியாது. குரூப் டீச்சர் வீடு என்று கேட்டால் ஆட்டோக்காரர் வாசலிலேயே கொண்டுபோய் இறக்கிவிடுவார். பத்தாவது முடித்த பிள்ளையைப் பிளஸ் ஒன்னில் எந்த குரூப்பில் போடுவது என்று கேட்டு அந்த வாசலை மிதிக்காத குடும்பம் அந்தப் பக்கத்தில் குறைவு. பள்ளிக்கூடத்தில் அவருக்கு அறிவியல் பாடம். வழிகாட்டி ஆசிரியர் என்கிற கூடுதல் பொறுப்பை மற்றவர்கள் ஆளாளுக்குத் தள்ளிவிட்டார்கள், இவர் ஆசையாக வாங்கிக்கொண்டார்.

அந்தக் கிறுக்கு அவருக்குப் பிடித்ததற்குக் காரணம் உண்டு. பண்பொழியில் அவர் பத்தாவது தேறியபோது குரூப் என்றால் என்னவென்று வீட்டில் ஒருவருக்கும் தெரியாது. மணியார்டர் கொடுக்க வந்த தபால்காரர்தான், "கணக்கும் சயின்ஸும் உள்ளதுல போடுங்க அண்ணாச்சி, பின்னால எங்கன வேணும்னாலும் திரும்பிக்கிடலாம்" என்று அப்பாவிடம் சொல்லிவிட்டு சைக்கிளை மிதித்துப் போய்விட்டார். அந்த ஒரு வார்த்தையில்தான் டீச்சர் டீச்சரானார். சரியான நேரத்தில் சொல்கிற ஒரு வார்த்தை ஒரு பிள்ளையைக் கரையேற்றிவிடும் என்று அன்றைக்கு நம்பியவர், ஐம்பதைத் தாண்டியும் அதே நம்பிக்கையில் இருந்தார். கரையேறிய பிள்ளைகளும் இருக்கத்தான் செய்தார்கள். குற்றாலத்துப் பிள்ளை பேச்சித்தாய் அதில் சேர்த்தி இல்லை.

குற்றாலத்துக் குடும்பங்களை மட்டும் பள்ளிக்கூடத்துக்கு வரவழைப்பது பெரும்பாடு. எல்லா ஊரிலும் மே கடைசியில், ஜூன் தொடக்கத்தில் பெற்றோரைக் கூப்பிட்டுப் பேசுவார்கள். இங்கே அந்த நேரத்தில் சாரல் விழ ஆரம்பித்துவிடும். அருவியில் தண்ணீர் கொட்டுகிற அந்தக் கொஞ்ச மாதத்து வியாபாரத்தில்தான் அவர்களுக்கு வருஷம் பூராவும் அடுப்பு எரியும். "சீசன் முடியட்டும் டீச்சர், வந்துருதோம்" என்பார்கள். சீசன் முடிகிறபோது சீட்டும் முடிந்திருக்கும். பார்த்துப் பார்த்துச் சலித்துப்போன டீச்சர் கூட்டத்தை மாசி மாதத்துக்கு மாற்றினார். மாசியில் அருவியில் பாறைதான் தெரியும், கடைக்காரர்கள் வீட்டில் சும்மா இருப்பார்கள். எட்டு, ஒன்பது, பத்தாம் வகுப்புப் பிள்ளைகளின் அப்பா அம்மாக்கள் வந்து பெஞ்சு நிறைய உட்கார்ந்தார்கள். ஹெச்.எம். பாராட்டினார். பக்கத்துப் பள்ளிக்கூடத்துக்காரர்கள் வந்து விசாரித்துப் போனார்கள். டீச்சருக்குக் கொஞ்சம் தலைக்கனம் வந்ததும் உண்மைதான்.

அப்படி ஒரு மாசிக் கூட்டத்துக்குத்தான் கடற்கரையும் அவர் மனைவி பேராச்சியும் மூத்தவள் பேச்சித்தாயை நடுவில் உட்காரவைத்துக்கொண்டு வந்திருந்தார்கள். கடற்கரை, மெயினருவிக்குக் குளிக்க வருகிறவர்களுக்கு எண்ணெய் தேய்த்துவிடுகிறவர். பேராச்சிக்கு அங்கேயே கடை. சோப்பு, சீயக்காய், துண்டு, எண்ணெய் எல்லாம் விற்பாள். ஆனால் கூட்டம் அவள் கடைக்கு வருவது அதற்காக மட்டுமில்லை. குளிக்கப் போகிறவர்கள் சட்டை, செல்போன், கழுத்துச் சங்கிலி எல்லாவற்றையும் அங்கே கொடுத்துவிட்டுத்தான் அருவிக்குள் போவார்கள். ஒருத்தி விற்க வேண்டும், ஒருத்தி காவலுக்கு உட்கார வேண்டும். அந்தக் காவலுக்கு வெளியாளை வைக்க முடியாது. ஒரே ஒரு போன் காணாமல் போனாலும் கடையின் பெயர் அன்றோடு போச்சு. அதனால் சின்ன வயதிலிருந்தே சீசனில் அந்த ஸ்டூல் பேச்சித்தாய்க்குத்தான்.

பேச்சித்தாய்க்கு நர்ஸ் ஆக வேண்டும். சயின்ஸில் கெட்டிக்காரி. டீச்சர் யோசிக்கவே இல்லை, பயாலஜி குரூப் என்று சொல்லிவிட்டார். அம்மாவும் அப்பாவும் தலையாட்டினார்கள். பேச்சித்தாய்தான் எழுந்து நின்று ஒரு சந்தேகம் கேட்டாள்.

"டீச்சர், ஜூன், ஜூலை லீவு போட்டா அந்த குரூப்ல சமாளிக்க முடியுமா? காமர்ஸ்னா பொறவு படிச்சிக்கிடலாம்னு அக்காமாரெல்லாம் சொல்லுதாவ."

டீச்சர் சிரித்தார். "இவ்வளவு மார்க் வாங்குத பிள்ளை காமர்ஸுக்கு எதுக்குட்டி போவணும்? கொஞ்ச நாள் லீவு போட்டா என்ன, நான் இருக்கேம்லா."

கூட்டத்தைச் சீசனுக்குத் தக்கபடி மாற்றத் தெரிந்த டீச்சருக்கு, பள்ளிக்கூடம் திறக்கிறபோது பிள்ளையையும் அதே சீசன் பிடித்துக்கொள்ளும் என்பது உறைக்கவில்லை. கேட்ட பிள்ளைக்குத் தெரிந்திருந்தது.

அந்தப் பள்ளிக்கூடத்தில் பயாலஜி குரூப் இங்கிலீஷ் மீடியம் மட்டும்தான். பத்தாவது வரை தமிழில் படித்த பிள்ளைகளுக்கு ஜூனிலும் ஜூலையிலும்தான் ஒவ்வொரு வார்த்தையாகச் சொல்லிக்கொடுத்துப் பாதை போடுவார்கள். அந்த வருஷம் பார்த்து சாரல் வெளுத்து வாங்கியது. ஆடி முடிந்தும் கூட்டம் குறையவில்லை. பேச்சித்தாய் ஆவணியில் வகுப்புக்கு வந்தபோது கெமிஸ்ட்ரி எங்கேயோ போய்விட்டிருந்தது. கேட்ட கேள்விக்குப் பதில் தெரியாமல் எழுந்து நின்றாள். மறுநாளும் நின்றாள். கூடப் படித்த பிள்ளைகள் யாரும் கேலி செய்யவில்லை, பாவம் பார்த்தார்கள். அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை. தீபாவளி லீவுக்குப் பிறகு அவள் வரவில்லை. பேராச்சி டி.சி.யைக்கூட வந்து வாங்கவில்லை. வாங்கி எங்கே கொடுக்க?

நான் இருக்கேம்லா என்று சொன்ன டீச்சர் எங்கே இருந்தார் என்று கேட்டால், பத்தாம் வகுப்பில்தான் இருந்தார். பிளஸ் ஒன் பக்கம் எட்டிப் பார்க்க நேரமில்லை என்று ஹெச்.எம்.மிடம் சொன்னார். வீட்டுக்காரர் சிவசுப்பிரமணியனிடமும் அதையேதான் சொன்னார். நேரமில்லாமல் இல்லை, தோன்றவில்லை. குரூப் போட்டுக் கொடுத்ததோடு தன் வேலை முடிந்தது என்று இருந்துவிட்டார். அதன்பிறகு குற்றாலத்துக்குப் போகிற பஸ்ஸைப் பார்த்தாலே அவர் முகத்தைத் திருப்பிக்கொள்வார்.

இந்த வருஷம் பேராச்சியின் இளையவள் ஸ்ரீதேவி பத்தாவது எழுதினாள். அவளுக்கும் சயின்ஸ்தான் பிடித்தம். டீச்சர் இந்தத் தடவை ஜூனையும் சேர்த்துத்தான் கணக்குப் போட்டார். பேச்சித்தாயை மறுபடி பிளஸ் ஒன்னில் சேர்ப்பது, தங்கச்சியோடு ஒரே வகுப்பில் உட்கார வைப்பது. சீசன் முடிகிற வரைக்கும் இருவரும் முறைவைத்து வருவது, ஒருநாள் இவள், மறுநாள் அவள், மற்றவள் கடைக் காவலுக்கு. வந்தவள் பாடத்தை வராதவளுக்குச் சொல்லிக்கொடுப்பாள். சாயங்காலம் டீச்சரே உட்கார்ந்து இருவருக்கும் பார்ப்பார். ஹெச்.எம்.மிடம் மன்றாடி, பேச்சித்தாய்க்கு ஒரு சீட்டை ஒதுக்கியும் வைத்தாகிவிட்டது. படிப்பு விட்டுப்போன பிள்ளையைத் திரும்பக் கொண்டுவந்துவிட்டால், தான் ராத்திரி நிம்மதியாகத் தூங்கலாம் என்பதும் அந்தக் கணக்கில் இருந்தது.

மாசிக் கூட்டத்துக்குக் கடற்கரை குடும்பத்திலிருந்து ஒருவரும் வரவில்லை. ஸ்ரீதேவியைக் கேட்டால் தலையைக் குனிந்துகொண்டாள். பரீட்சை முடியட்டும் என்று டீச்சர் பொறுத்திருந்தார். முடிந்ததும் ஒரு ஞாயிற்றுக்கிழமை குடையை எடுத்துக்கொண்டு குற்றாலத்துக்குப் பஸ் ஏறினார். மலையில் கோடை மழை பெய்து அருவியில் தண்ணீர் விழ ஆரம்பித்திருந்தது. எதிர்பாராத கூட்டம். மூடிக் கிடந்த கடைகளெல்லாம் அவசர அவசரமாகத் திறந்திருந்தன.

பேச்சித்தாய் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தாள். பின்னால் வரிசையாகச் சட்டை மூட்டைகள். டீச்சரைப் பார்த்ததும் சட்டென்று எழுந்து நின்றாள், வகுப்பில் நிற்கிற மாதிரியே. டீச்சருக்கு அந்த இடத்திலேயே திரும்பிப் போய்விடலாமா என்றிருந்தது.

"இரிட்டி, இரி. எதுக்கு நிக்கே?" என்றார்.

பேராச்சி இன்னொரு ஸ்டூலைத் துடைத்துப் போட்டாள். டீச்சர் உட்கார்ந்தார். எங்கே தொடங்குவது என்று தெரியாமல், "மாசியில கூட்டத்துக்கு ஏன் வரல?" என்று கேட்டுவிட்டார்.

"வந்து என்ன டீச்சர் செய்ய?" என்றாள் பேராச்சி. "ஒருக்க வந்தோம். நீங்க சொன்னதத்தான் கேட்டோம்." அதில் கோபமே இல்லை. ஒரு பொருளின் விலையைச் சொல்வது போலச் சொன்னாள். அவள் திட்டியிருந்தால் டீச்சருக்குப் பதில் சொல்ல வசதியாக இருந்திருக்கும்.

"என் பேர்லதான் தப்பு, பேராச்சி. அன்னைக்கு இவ கேட்டா. நான் காதுல வாங்கல," என்றார் டீச்சர். பிறகு தன் திட்டத்தை ஒன்றுவிடாமல் சொன்னார். முறைவைத்து வருவது, சாயங்கால வகுப்பு, ஒதுக்கி வைத்த சீட்டு எல்லாவற்றையும். எண்ணெய்க் கையோடு கடற்கரையும் வந்து ஓரமாக நின்று கேட்டார். "ரெண்டு பிள்ளையளும் ஒரே கிளாஸ்ல இருக்கும் அண்ணாச்சி, ஒண்ணுக்கொண்ணு துணை" என்று டீச்சர் முடித்தபோது அந்த மனுஷனின் முகம் கொஞ்சம் தெளிந்தது. அவர் மகளைப் பார்த்தார்.

அதற்குள் குளிக்க வந்த ஒருவர் சட்டையைக் கழற்றிப் போனையும் சங்கிலியையும் நீட்டினார். பேச்சித்தாய் வாங்கி, சட்டைக்குள் வைத்துச் சுருட்டி, பின்னால் வைத்தாள். வைத்துவிட்டுத்தான் பேசினாள்.

"வேண்டாம் டீச்சர்."

"ஏன்ட்டி? நான் இந்தத் தடவ..."

"உங்களச் சொல்லல டீச்சர். நான் அங்கன வந்து பாத்தவ. ஒருநாள் போவலன்னா மறுநாள் ஒண்ணும் வெளங்காது. இவ ஒருநாள், நான் ஒருநாள்னு வந்தா ரெண்டு பேருக்கும் வெளங்காது. ரெண்டு பேரும் எந்திரிச்சி நிப்போம்." கொஞ்சம் நிறுத்தினாள். "அவ ஒருத்தி முழுசா வரட்டும். முத நாள்லருந்து ஒரு நாள் லீவு போடாம. பயாலஜி குரூப்லயே போடுங்க."

"அப்ப நீ?"

"கடைக்கு நான் இருக்கேம்லா."

அது டீச்சருடைய வார்த்தை. அவர் சொல்லிவிட்டு மறந்துபோனார். இந்தப் பிள்ளை அப்படிச் சொல்லிவிட்டு மறக்கிறவள் இல்லை, சொன்னால் அந்த ஸ்டூலை விட்டு எழுந்திருக்க மாட்டாள் என்பதும் அவருக்குத் தெரிந்தது. பேராச்சி முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு உள்ளே திரும்பிச் சோப்பை அடுக்கினாள். கடற்கரை கையிலிருந்த எண்ணெயைத் தன் முழங்காலிலேயே தேய்த்துக்கொண்டு நின்றார். மறுத்து ஒரு வார்த்தை சொல்லுங்களேன் என்று டீச்சர் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். சொல்லவில்லை. டீச்சர் மட்டும் என்ன சொன்னார்? வேறு வழி ஒன்று இருக்கிறது என்று சொல்ல அவரிடம் இருந்தால்தானே.

"நீயும் படிக்கணும்லாட்டி," என்றார் கடைசியில்.

"சீசன் முடியட்டும் டீச்சர், பாப்போம்," என்றாள் பேச்சித்தாய். டீச்சரைத் தேற்றுவதற்காகச் சிரிக்கவும் செய்தாள். பிறகு, "குடையையும் பையையும் இங்கன வச்சிட்டு, போயி ஒரு முங்கு போட்டுட்டு வாங்க. இவ்வளவு தூரம் வந்திருக்கீய. நான் பாத்துக்கிடுதேன்" என்றாள்.

டீச்சர் குளிக்கவில்லை. குடையை விரித்துக்கொண்டு பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தார்.

ஜூனில் பள்ளிக்கூடம் திறந்த அன்று மேற்கே மலை தெரியாமல் சாரல் விழுந்துகொண்டிருந்தது. ஸ்ரீதேவி பிளஸ் ஒன் வகுப்பில் முதல் பெஞ்சில் வந்து உட்கார்ந்தாள். எண்ணெய் தேய்த்து, ரெட்டைச் சடை பின்னி, ரிப்பன் கட்டியிருந்தாள். பின்னல் அக்கா போட்டது என்று கேட்காமலே சொன்னாள். அன்றிலிருந்து டீச்சர் பிரேயர் முடிந்ததும் அந்த வகுப்பு ஜன்னலை ஒருதரம் எட்டிப் பார்க்காமல் போனதில்லை. ஸ்ரீதேவி ஒருநாளும் வராமல் இருந்ததில்லை.

ஆவணி பிறந்தது. மழை விட்டபாடில்லை. அக்கா எப்படியிருக்கா என்று டீச்சர் கேட்டார். "கடையில இருக்கா டீச்சர். கூட்டம் இன்னும் குறையல" என்றாள் ஸ்ரீதேவி.

அன்றைக்கு மத்தியானம் ஹெச்.எம். கூப்பிட்டுவிட்டார். பயாலஜி குரூப்பில் பேச்சித்தாய்க்கென்று நிறுத்தி வைத்த சீட் இன்னும் காலியாகக் கிடக்கிறது, இலத்தூரிலிருந்து ஒரு பிள்ளை அப்பாவோடு வந்து காத்திருக்கிறது, என்ன செய்யலாம் என்று கேட்டார்.

"அந்தப் பிள்ளைக்கே கொடுத்துருங்க சார்," என்றார் குரூப் டீச்சர்.