கோர்சிகாவிலிருந்து வந்த படக்கார்டுகள்

பிரான்சைச் சேர்ந்த கோர்சிகா தீவில் எதையெல்லாம் பார்க்க வேண்டும் என்று கேட்டால் மூச்சு விடாமல் சொல்வேன். மேற்குக் கரையில் செக்கச்செவேலென்ற பாறைகள் செங்குத்தாகக் கடலுக்குள் இறங்கும். சாயங்கால வெயிலில் பார்க்க வேண்டும். தெற்கே வெள்ளைப் பாறையின் விளிம்பில் வீடுகள் எப்போது விழுமோ என்று நிற்கும். நடுவில் மலை. உச்சியில் பனி கிடக்கும்போதே கீழே ஜனங்கள் கடலில் குளிப்பார்கள். மலைப்பாதையில் பன்றிகள் காரை மறித்துக்கொண்டு நகரவே நகராது. இத்தனையும் சொல்கிற நான் அங்கே போனதில்லை. அங்கே பதினோரு வருஷம் இருந்தவள் என் அக்கா.

எழுபதுகளின் நடுவில் அவளை ஒரு சொல்தாவுக்குக் கட்டிக்கொடுத்தோம். பிரெஞ்சு ராணுவத்தில் இருக்கும் புதுச்சேரிக்காரரை எங்கள் ஊரில் அப்படித்தான் சொல்வார்கள். அப்பா மில் தொழிலாளி. நெல்லித்தோப்பில் எங்கள் தெருவுக்கே அப்படியொரு சம்பந்தம் முதல் தடவை. எங்களுக்குத் தலைகால் புரியவில்லை.

முதலில் அக்கா கவரில்தான் எழுதினாள், மூன்று பக்கம். நான்தான் எல்லோருக்கும் படித்துக் காட்டினேன். 'அவர் டூட்டிக்குப் போனால் பத்துப் பதினைந்து நாள் வரமாட்டார். பேச ஆளில்லை. பாஷை தெரியாமல் வெளியே போகவே பயமாக இருக்கிறது' என்று இரண்டாம் பக்கம் ஆரம்பித்தது. அப்போது கவருக்குள்ளிருந்து ஒரு படக்கார்டு கீழே விழுந்தது. பெரிய மலை, அதன் காலடியில் கடல். கோரிமேடு ஏறினாலே மலையேறிவிட்டதாக நினைக்கும் ஊர் எங்களுடையது. எல்லோரும் கார்டின் மேல் விழுந்தார்கள். மூன்றாம் பக்கத்தை யாரும் கேட்கவில்லை, நானும் படிக்கவில்லை.

“புதுசுல அப்படித்தான் இருக்கும். போவப்போவ சரியாயிடும். இந்த மாதிரி படமா அனுப்பச் சொல்லி எழுதுடி” என்றார் அப்பா.

எனக்குப் பதின்மூன்று வயது. கையெழுத்து அழகு என்ற திமிர் வேறு. 'நீளமாக எழுதிச் சிரமப்படாதே அக்கா, கார்டே போதும்' என்று எழுதிப் போட்டேன். என் வாழ்க்கையில் நான் எழுதியதிலேயே கேவலமான வரி அதுதான்.

அதற்குப் பிறகு கார்டுகள்தான். தபால்காரர் தெருமுனையிலிருந்தே, “உங்க பொண்ணு இந்த தடவ அருவிக்குப் போயிருக்கு!” என்று சொல்லிக்கொண்டு வருவார். பின்பக்கம் இடத்தின் பெயர், 'நல்ல இடம், எல்லோரும் நலம்' என்று மூன்று நான்கு வரி. அம்மா அவற்றைச் சுவரில் வரிசையாக ஒட்டினாள். அவளுக்கென்ன, ஜாலியாக ஊர் சுற்றுகிறாள் என்று நான் பொறாமைப்பட்டேன்.

அம்மா இறந்தபோதுதான் அக்கா வந்தாள். கல்யாணமாகி ஒன்பது வருஷம் ஆகியிருந்தது. காரியம் முடிந்த மறுநாள் சுவரைக் காட்டி, “இதுல எந்த எடம்க்கா ரொம்ப நல்லாருக்கும்?” என்று கேட்டேன். துக்க வீட்டில் கேட்கிற கேள்வியா அது!

“எதையும் பாத்ததில்லடி. எங்க வீட்டுக்குக் கீழ ஒரு கடை இருக்கு. அங்க வாங்குவேன். கார்டுல அச்சடிச்சிருக்கற பேரப் பாத்து எழுதுவேன்.”

“ஏன்க்கா சொல்லல?”

“கார்டுலயா? தபால்காரர் படிச்சிட்டுத்தானே அம்மா கையில குடுப்பாரு?”

நீதானே கார்டு போதும் என்றாய் என அவள் கேட்கவில்லை. கேட்டுத் திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் தேவலையாக இருந்திருக்கும். அன்று முழுக்க அழுதேன். அம்மாவுக்காக என்று வந்தவர்கள் நினைத்துக்கொண்டார்கள்.

அவள் கிளம்பும்போது கையைப் பிடித்துக்கொண்டேன். “இனிமே கவர்ல எழுதுக்கா. எத்தினி பக்கம்னாலும் எழுது. நான் மட்டும்தான் படிப்பேன்.” தலையாட்டினாள்.

இரண்டு மாதம் கழித்துக் கவர் வந்தது. கதவைச் சாத்திக்கொண்டு பிரித்தேன். ஒரு முழுத் தாள். 'இங்கு எல்லோரும் நலம். குளிர் குறைந்துவிட்டது. உடம்பைப் பார்த்துக்கொள்.' அவ்வளவுதான், மீதித் தாள் வெறுமையாக இருந்தது. பின்பக்கமும் திருப்பிப் பார்த்தேன். ஒன்பது வருஷத்தில் அவளுக்கு அதற்கு மேல் எழுத வராமல் போயிருந்தது. பழக்கியவள் நான்.