தூக்க முடியாத பலகை

கிளெமென்ற் கொழும்பு கொள்ளுப்பிட்டியில் ஒரு ஹோட்டலில் தலை நரைக்கும்வரை பரிமாறியவர். அவர் கைப்பட வைக்கும் சீஸ் பலகைக்குத் தனிப் பெயர் இருந்தது. அகன்ற மரப்பலகை ஒன்றில் நாலைந்து வகைச் சீஸ், இடையிடையே உடைத்த சொக்லேற், கஜு, திராட்சை, உப்பு பிஸ்கற். பக்கத்தில் ஒரு கூஜா நிறையச் சுடச்சுடக் கொக்கோ. அதைச் சுற்றி உட்கார்ந்தவர்கள் லேசில் எழும்பமாட்டார்கள். ஒரு வெள்ளைக்காரச் சீமாட்டி கதைக்கத் தொடங்கி முடிப்பதற்குள் அவள் போட்டிருந்த தொப்பி பழைய நாகரிகமாகிவிட்டதாம். கிளெமென்ற் கையில் துவாயுடன் பின்னால் நிற்பார். தான் வைத்த பலகையைச் சுற்றி ஒருநாளும் அவர் உட்கார்ந்ததில்லை.

மனைவி கண்மூடிய பிறகு மெல்பேர்ணில் இருக்கும் மகள் ஷெரோமி, அவரைக் கொட்டாஞ்சேனையிலிருந்து கிளப்பி வெள்ளவத்தையில் எங்கள் தொடர்மாடியில் கொண்டுவந்து வைத்தாள். காவலாளி, கமரா, லிஃப்ற் எல்லாம் உண்டு. அந்த லிஃப்ற்றில் கீழே பிள்ளையாக ஏறியவன் மேலே மாப்பிள்ளையாக இறங்குவான், அவ்வளவு வேகம். அத்தனை நேரம் பக்கத்தில் நின்றாலும் ஒருவரோடொருவர் கதைப்பதில்லை. மீன்காரனிடம் வேண்டாம் என்று சிங்களத்தில் சொல்லும் "எப்பா மல்லி" மட்டுமே கிளெமென்ற் வாயிலிருந்து வந்த நாட்கள் உண்டு.

"டடா, இன்டைக்கு யாரோட கதைச்சீங்க?" என்று ஷெரோமி போனில் கேட்டாள்.

"மீன்காரனோட."

"அப்ப ரத்மலானைப் பக்கம் வயசான ஆக்களுக்கு ஒரு ஹோம் இருக்கு. நான் கதைச்சு இடம் எடுக்கிறன்."

"எனக்கு இங்க ஆக்கள் இருக்காங்க மகள். சனிக்கிழமை பின்னேரம் வீடியோ எடுத்துப் பாரு. எல்லாரும் இருப்பாங்க."

சொல்லிவிட்டாரே. கதவு கதவாகத் தட்டி அழைத்தார். சீஸும் சொக்லேற்றும் வைக்கிறேன், வாருங்கள். எல்லோரும் ஓம் என்றார்கள்.

சனிக்கிழமை நாலு நாற்காலி போட்டு, நாலு கோப்பை கழுவி வைத்தார். ஈ மொய்க்காமல் பலகையை ஒரு வலைத்துணியால் மூடி, ஹோட்டல் பழக்கத்தில், வந்தவர் கண்ணில் முதலில் படட்டும் என்று வாசலோரம் ஒரு முக்காலியில் வைத்தார். பிழை அங்கேதான். எங்கள் மாடியில் துணி மூடிய தட்டு வாசலில் தெரிந்தால் அதற்கு ஒரே அர்த்தம்தான். பெருநாளோ தீபாவளியோ, தட்டு வீடு வீடாகப் போகும். அவரவர் பங்கை எடுத்துக்கொண்டு, வெறுந்தட்டாகத் திருப்பாமல் எதையாவது வைத்து அனுப்புவார்கள். யாரும் உட்காருவதில்லை.

எதிர்வீட்டு ஹமீமா மூடிப்பெட்டியோடு வந்தாள். "அங்கிள், சொக்லேற்ல ஜெலட்டின் ஒண்டும் இல்லத்தானே? புள்ளைகளுக்குக் கொஞ்சம் எடுக்கேன்."

"இல்ல மகள். உள்ளுக்கு வந்து இருங்க. கொக்கோ சூடா இருக்கு."

"வாப்பா வீட்டுல தனிய ஈக்காரு, அங்கிள். இன்னொரு நாளைக்கு."

பின்னாலேயே ஆறாம் மாடி நமசிவாயம் வந்தார். வங்கியிலிருந்து ஓய்வு பெற்றவர், பெரிய உபகாரி. "நீர் ஏன் காணும் கஷ்டப்படுறீர்? நானே மேல் வீடுகளுக்குக் குடுத்திட்டு வாறன்" என்று பலகையைத் தூக்கிக்கொண்டு லிஃப்ற்றுக்குள் போய்விட்டார்.

பலகை திரும்பி வந்தபோது கதலி வாழைப்பழம், உளுந்து வடை, பேரீச்சம்பழம், ஒரு சுண்டு சீனி, எந்த மகராசியோ வைத்த கறிவேப்பிலைக் கொத்து. சீஸின் ஒரு துகள்கூட இல்லை. நமசிவாயம் அதை வாசலில் வைத்துவிட்டு, வந்த லிஃப்ற்றை விடக்கூடாதென்று ஓடிவிட்டார். கொக்கோவில் ஆடை படர்ந்தது. அப்போது போன் அடித்தது.

"எங்க டடா ஆக்கள்?"

"இப்பதான் போனாங்க."

ஷெரோமி திரையில் மேசையைப் பார்த்தாள். "கோப்பை எல்லாம் கழுவி வைச்ச மாதிரியே இருக்கு." அதற்குமேல் அவள் சண்டை பிடிக்கவில்லை. "அடுத்த சனியும் எடுக்கிறன். அப்பவும் ஆக்கள் இல்லாட்டி அந்த ஹோமுக்குக் கதைப்பன்."

அந்தக் கிழமை முழுக்க அவர் வடையும் வாழைப்பழமும் சாப்பிட்டுக்கொண்டு யோசித்தார்.

மறு சனிக்கிழமை மறுபடியும் கதவு கதவாகத் தட்டிச் சொல்லிவிட்டு, கட்டிலுக்கடியில் கிடந்த கரம் போர்ட்டை இழுத்துத் துடைத்து, எண்ணெய்த்தாள் விரித்தார். கொட்டாஞ்சேனையில் நாலு பேர் அடிபட்டு விளையாடிய போர்ட். சீஸை நடுவட்டத்தில் அடுக்கினார். நாலு மூலைக் குழியிலும் சொக்லேற். வாசலோரம் எதுவுமில்லை. சரிக்காமல் அந்தப் போர்ட் கதவால் போகாது; சரித்தால் எல்லாம் நிலத்தில்.

முதலில் வந்த ஹமீமா பெட்டியை நிரப்பிக்கொண்டு போனாள். பிறகு நமசிவாயம் வந்து போர்ட்டை ஒருதரம் சுற்றி நடந்தார்.

"இதை எப்பிடிக் காணும் தூக்கிறது?"

"தூக்கேலாது சேர். இருந்துதான் சாப்பிடணும்."

"ரெண்டு நிமிஷம்தான்" என்று உட்கார்ந்தார். கொக்கோவை ஊதி ஊதிக் குடித்தார். "மனுசி ரொறன்ரோவிலை, மகளின்ரை பிள்ளைப்பேத்துக்குப் போனவ. திரும்பி வாற எண்ணமில்லை போலை." அதைச் சொன்னதே தெரியாதவர்போல மூலைக் குழிக்குள் விரலைவிட்டு ஒரு சொக்லேற் எடுத்தார். கிளெமென்ற் பக்கத்தில் துவாயுடன் நின்றார்.

"நீர் ஏன் நிக்கிறீர்? இரும்."

கிளெமென்ற் நாற்காலியை இழுத்து உட்கார்ந்தார். தனக்கும் ஒரு கோப்பை கொக்கோ ஊற்றிக்கொண்டார். போன் அடிக்குமுன்பே நமசிவாயம் எழுந்து போய்விட்டார்.

ஷெரோமி திரையில் மூன்று வெற்று நாற்காலிகளைப் பார்த்தாள். பிறகு, அடியில் மண்ணிற வளையம் படிந்த கோப்பைகளைப் பார்த்தாள்.

"ரெண்டு கோப்பை ஊத்தையா இருக்கு, டடா."

"ஓம். கழுவணும்."

"சரி. ஹோமை அடுத்த மாசம் பாப்பம்."

மற்ற இரண்டு கோப்பைகளையும் கிளெமென்ற் அலமாரியில் எடுத்து வைத்தார். ஊத்தையானவற்றை மட்டும் போர்ட்டிலேயே விட்டுவிட்டு, ரீவியைப் போடாமல், நாற்காலியிலேயே இருந்தார்.