ஏரி பார்க்க வந்த பொடோபாபு

போன ஞாயிற்றுக்கிழமை காலை, எங்கள் ஆபீஸ் பொடோபாபு என் வீட்டு முற்றத்தில், இடுப்பில் என்னுடைய துண்டோடு, உடம்பெல்லாம் நல்லெண்ணெயோடு, வெடவெடவென்று நடுங்கிக்கொண்டு நின்றார்.

பொடோபாபு என்றால் தலைமை குமாஸ்தா. கல்கத்தா ஆபீஸ்களில் துரைக்கு அடுத்த தெய்வம். கையெழுத்துப் போடுகிறவர் துரை. எங்கே போடுவது என்று விரலை வைத்துக் காட்டுகிறவர் பொடோபாபு. அப்பேர்ப்பட்ட மனிதர் தை மாதக் குளிரில், வெற்று மார்போடு, என் வீட்டில்! அவர் தலையில் தண்ணீர் ஊற்றுவதற்குச் செம்போடு நின்றவன் வேறு யாருமில்லை... நான்தான்.

எல்லாம் இந்த ஏரியால் வந்த வினை.

டாக்குரியாவில் புதிதாக ஏரி வெட்டியிருக்கிறார்கள். அதன் கரையில் வாடகைக்கு வீடு பிடித்திருக்கிறேன் என்று இந்தப் பத்திரிகைப் பத்தியில் ஒரு தடவை எழுதிவிட்டேன். அன்று பிடித்தது சனி. "ஏரிக்கரை வீடாமே! கொடுத்துவைத்தவர் ஐயா நீர்!" என்று கும்பகோணத்திலிருந்து ஒரு கடிதம். "ஏரிக்கரையில் வசிப்பதன் இன்பங்கள் யாவை?" என்று பரீட்சைப் பேப்பர் மாதிரி திருச்சியிலிருந்து ஒரு கடிதம்.

இன்பங்களா? முதல் இன்பம் — ஏரி என் கண்ணில் படுவதே இல்லை.

நிஜமாகத்தான் சொல்கிறேன். வீட்டுக்காரர் வங்காளி. ரசிகர். ஏரியைப் பார்த்தாற்போல் பெரிய அறை ஒன்று கட்டி, அகலமாக ஜன்னல் வைத்து, வழவழவென்று சிவப்புத் தரை போட்டு, "இதுதான் நீங்கள் உட்கார்ந்து பேசுகிற அறை" என்று எங்களுக்குப் பெருமையோடு காட்டினார். என் மனைவி கமலம் உள்ளே வந்தாள். ஜன்னல் வழியாக வெளியே பார்த்தாள். சுற்றுமுற்றும் திரும்பித் திசை பார்த்தாள். "தென்கிழக்கு. அக்னி மூலை. இங்கதான் சமையல்" என்றாள். மறுநாள் அடுப்பு போட்டாகிவிட்டது.

வீட்டுக்காரர் அதைப் பார்த்துவிட்டு வாசல்படியில் உட்கார்ந்துவிட்டார், பாவம். வங்காளிகளுக்குத் தெற்குக் காற்று வருகிற அறை என்றால் உயிர். அந்த அறையில் நாங்கள் சாம்பார் கொதிக்க வைத்தால் மனுஷருக்கு எப்படி இருக்கும்? கோடையில் தெற்குக் காற்று அடிக்கும்போது எங்கள் வீட்டில் என்ன சமையல் என்பது தெரு முழுக்கத் தெரியும். "ஐயர் மோஷாய், இன்று பெருங்காயம் கொஞ்சம் தூக்கல்" என்று டிராமில் ஒருவர் சொன்னார். அவர் யார் என்றுகூட எனக்குத் தெரியாது!

சமையலறைக்குள் போய் ஏரியைப் பார்த்துக்கொள்வதுதானே என்பீர்கள். அங்கேதான் சங்கடம். கமலத்தின் சமையலறை மடி. குளித்து, மடி வேஷ்டி கட்டிக்கொள்ளாமல் ஒருவரும் நிலைப்படி தாண்டக் கூடாது. ஒருவரும் என்றால் நானும்தான். தாலி கட்டினவன் என்கிற சலுகை எல்லாம் கூடத்தோடு சரி. ஒருநாள் ஏரியில் படகுப் பந்தயம் என்று கேள்விப்பட்டு, அரக்கப்பரக்கக் குளித்து, மடி கட்டி, ஜன்னலுக்கு ஓடினேன். ஜெயித்தவர்கள் கரையேறித் தலை துவட்டிக்கொண்டிருந்தார்கள்.

சரி, கதைக்கு வருகிறேன்.

எங்கள் கம்பெனிக்கு ரங்கூனில் ஒரு கிளை. அங்கே ஓர் ஆளை அனுப்ப வேண்டும் என்று பேச்சு அடிபட்டது. யாரை அனுப்பலாம் என்று துரை பொடோபாபுவைக் கேட்பார். பொடோபாபு யார் பெயரைச் சொல்கிறாரோ அவர் மூட்டை கட்டிக்கொண்டு கப்பல் ஏற வேண்டியதுதான். அந்தப் பெயர் என் பெயர் என்று காற்றுவாக்கில் ஒரு சேதி வந்தது. இந்த ஊருக்கு வந்து எத்தனை வருஷம் இருட்டுச் சந்துகளில் குடியிருந்து, இப்போதுதான் ஒரு வீடு என்று சொல்லிக்கொள்கிற மாதிரி கிடைத்திருக்கிறது. அதற்குள் ரங்கூனா?

சனிக்கிழமை சாயங்காலம் பொடோபாபு என் மேஜைக்கே வந்தார். வந்தார் என்றா சொன்னேன்? எழுந்தருளினார்.

"மிஸ்டர் ஐயர், உங்கள் வீடு ஏரிக்கரையில் இருக்கிறதாமே. நாளைக் காலை வந்து பார்க்கலாமா?"

எனக்குத் தலைகால் புரியவில்லை. வரட்டும், வந்து பார்க்கட்டும்! அத்தனை நல்ல வீட்டிலிருந்து ஒரு குடும்பத்தைக் கிளப்ப எந்த மனிதனுக்குத்தான் மனசு வரும்? இப்படிப் போனது என் புத்தி.

ஞாயிறு விடிந்தும் விடியாமலும் பெஹாலாவிலுள்ள தம் வீட்டிலிருந்து குதிரை வண்டியில் வந்து இறங்கினார். கோட்டு, கோட்டின் மேல் சால்வை, சால்வையின் மேல் கம்பளி மஃப்ளர். மஃப்ளர் தலையைச் சுற்றி, காதை மூடி, தாடைக்குக் கீழே முடிச்சுப் போட்டிருந்தது. தை மாதக் குளிர் என்றால் வங்காளிகளுக்கு அத்தனை பயம். கூடவே அவருடைய மாப்பிள்ளை. ஜாமாய் என்பார்கள். ஜாமாய்க்கு இந்த ஊரில் நடக்கிற உபசாரம் நம் ஊரில் உற்சவ மூர்த்திக்குக்கூட நடக்காது. ஒல்லியான மனிதர்; தோள் வரைக்கும் கிராப்பு; பார்த்தாலே கவிதை எழுதுகிறவர் என்று தெரிந்தது.

நான் ஆரம்பித்தேன் ஐயா, வீட்டுப் புராணத்தை!

"காற்று எப்படி?"

"கோடையில் விசிறியே வேண்டாம், ஸார்."

"கொசு?"

"ஏரிக் காற்றில் கொசு எங்கே நிற்கும், ஸார்?" சொல்லும்போதே கழுத்தில் ஒன்று கடித்தது. சொறியாமல் நின்றேன்.

"தண்ணீர்?"

"கல்கண்டு!"

"பாஹ், பாஹ்!" என்று பொடோபாபு தலையை ஆட்டினார். ஜாமாய் கூடத்தை இந்தச் சுவருக்கும் அந்தச் சுவருக்குமாகக் காலடி வைத்து அளந்தார். எத்தனை ரசனை என்று நான் பூரித்துப் போனேன். கமலம் கேசரி கிளறி வைத்திருந்தாள். ஜாமாயை வெறும் கேசரியோடு அனுப்பலாமா? தெருமுனைக் கடையில் சந்தேஷ் மிட்டாய் வாங்கிவர ஓடினேன்.

திரும்பி வந்தால், சமையலறை நிலைப்படியில் கமலம் நின்றாள். முகம் சரியில்லை.

"ஏன்னா, இங்க வாங்கோ. உள்ள வராதேங்கோ, அங்கயே நில்லுங்கோ. எதுக்கு வந்திருக்கார்னு தெரியுமோ உங்களுக்கு?"

"ஏரி பார்க்க..."

"ஏரியாவது மண்ணாவது! மாப்பிள்ளைக்கு வீடு பார்க்க வந்திருக்கார். உங்களை ரங்கூனுக்கு அனுப்பிட்டு இவாளை இங்க குடிவைக்கப் போறாராம். கட்டில் எங்க, பீரோ எங்கன்னு பேசி முடிச்சாச்சு. நான் கதவுக்குப் பின்னாலதான் நின்னுண்டிருந்தேன்."

கமலத்துக்கு வங்காளி நன்றாக வரும். பக்கத்து வீட்டு மாஷிமாவோடு, அதாவது வங்காளி மாமியோடு, ஜன்னல் வழியாகப் பேசிப் பேசிக் கற்றது. மடிசார் கட்டின மதராஸி அம்மாளுக்கு என்ன புரியப்போகிறது என்று மாமனாரும் மாப்பிள்ளையும் மனம்விட்டுப் பேசியிருக்கிறார்கள்.

அப்படியானால் நான் இத்தனை நாழி என்ன செய்துகொண்டிருந்தேன்? என் சாமானை நானே வெளியே எடுத்து வைத்துக்கொண்டிருந்தேன்!

கூடத்துக்கு ஓடினேன்.

"ஸார், ஒன்று சொல்ல விட்டுப்போயிற்று. கொசு உண்டு. ஒவ்வொன்றும் இத்தனை பெரிது."

பொடோபாபு சிரித்தார். "உங்களுக்குத் தன்னடக்கம் ஜாஸ்தி, மிஸ்டர் ஐயர்."

"மழைக்காலத்தில் ராத்திரி பூராவும் தவளை கத்தும்."

ஜாமாய் கண்ணை மூடிக்கொண்டார். "தவளை! ஆஹா!"

"திருட்டுப் பயம்கூட..."

"எங்களிடம் நாய் இருக்கிறது" என்றார் பொடோபாபு. எங்களிடம் என்றால் யாரிடம்? மனுஷர் மனசுக்குள் ஏற்கெனவே நாயைக் கட்டிவிட்டார்! "எல்லாம் பார்த்தாயிற்று. அந்த ஏரி ஜன்னல் ஒன்றுதான் பாக்கி. வாருங்கள்" என்று எழுந்தார்.

நான் கமலத்தைப் பார்த்தேன். கமலம் என்னைப் பார்த்தாள். "பேஷாப் பார்க்கட்டும். குளிச்சுட்டு வரச் சொல்லுங்கோ" என்றாள்.

தலைமை குமாஸ்தாவைக் குளிக்கச் சொல்வதா? எப்படியோ சொன்னேன். மடி விஷயத்தை விளக்கி, நானே குளிக்காமல் போக முடியாது ஸார் என்று அழாக்குறையாகச் சொன்னேன். ஜாமாய் ஓர் அடி பின்வாங்கினார். தமக்கு நெஞ்சு பலவீனம் என்றார். பொடோபாபு அவரைப் பார்த்த பார்வையில் பாசம் வழிந்தது. "நீ வேண்டாம் பாபா. உனக்காக நான் குளிக்கிறேன்" என்றார். பெண்ணைக் கொடுத்த இடத்துக்கு மனிதன் என்னதான் செய்ய மாட்டான்?

"கொஞ்சம் வெந்நீர் கிடைக்குமா?"

கமலத்திடம் போனேன். "வெந்நீர் மடிக்கு ஆகாதுன்னு சொல்லுங்கோ."

"இது எந்தச் சாஸ்திரத்துல இருக்கு?"

"இப்பத்தான் வந்தது."

"சரி, கடுகெண்ணெயாவது?" என்றார் பொடோபாபு. வங்காளிகள் குளிரில் கடுகெண்ணெய் தேய்க்காமல் தண்ணீரைத் தொடமாட்டார்கள். அது உடம்புக்குச் சூடு. எங்கள் வீட்டில் இருந்தது நல்லெண்ணெய். குளிர்ச்சிக்குப் பேர்போனது. கிண்ணம் நிறையக் கொடுத்தேன். உச்சந்தலை முதல் தேய்த்துக்கொண்டார்.

கிணற்றில் வாளியைப் போடப் போனேன். "கிணத்துத் தண்ணி வெதுவெதுன்னு இருக்கும். தொட்டியில ராத்திரிப் பனியில கிடந்த தண்ணி இருக்கு, அதை விடுங்கோ" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது. தமிழில் சொன்னதால் நான் பிழைத்தேன். முதல் செம்பைத் தலையில் ஊற்றினேன். "ஓரே பாபா!" என்று ஓர் அலறல் எழுந்தது. ஏரியில் கிடந்த பறவைகள் எல்லாம் எழுந்து பறந்திருக்கும்.

நனைந்து நடுங்கி, பனியில் சரியாகக் காயாத மடி வேஷ்டியைச் சுற்றிக்கொண்டு, பொடோபாபு சமையலறைக்குள் பிரவேசித்தார். கமலம் ஜன்னலை விரியத் திறந்தாள்.

வெள்ளை வெளேரென்று மூடுபனி. அதைத் தவிர ஒன்றும் இல்லை.

"ஏரி எங்கே?"

"இருக்கிறது, ஸார். அங்கேதான்."

"எங்கே?"

"அந்த வெள்ளைக்குப் பின்னால்."

பொடோபாபு காத்திருந்தார். பனி ஜன்னல் வழியாக உள்ளே வந்து அவர் தோளைத் தடவியது. ஒரு தும்மல். இன்னொன்று. அப்புறம் நிறுத்த முடியவில்லை. அப்போது கமலம், அடுப்பிலிருந்து முகத்தைத் திருப்பாமல், சுத்தமான வங்காளியில் சொன்னாள்: "இந்த மாசம் பூரா இப்படித்தான், பாபா. ஈரம் நெஞ்சுல கட்டிக்கும். ஜாமாய் கட்டில் போடறேன்னாரே, அந்தச் சுவர்தான் ரொம்ப ஈரம்."

பொடோபாபுவுக்குத் தும்மல் நின்றுவிட்டது. இந்த அம்மாளுக்கு வங்காளி தெரியுமா! கட்டில் பேசியது எல்லாம் கேட்டுவிட்டதா! என்னைப் பார்த்தார், நான் கூரையைப் பார்த்தேன். கூடத்தில் ஜாமாய் தாமாக முன்வந்து இருமினார். அந்த இருமல்தான் எங்களைக் காப்பாற்றியது. "டாண்டா லேகே ஜாபே!" — சளி பிடித்துவிடும் — என்று கத்திக்கொண்டு மாமனார் ஓடி, தம் மஃப்ளரை அவிழ்த்து மாப்பிள்ளை கழுத்தில் சுற்றினார். கோட்டைக் கையில் எடுத்துக்கொண்டு, என் மடி வேஷ்டியோடே வண்டி ஏறிவிட்டார். கேசரி அப்படியே இருந்தது.

திங்கட்கிழமை பொடோபாபு ஆபீஸ் வரவில்லை. துரைக்கு எங்கே கையெழுத்துப் போடுவது என்று தெரியவில்லை. செவ்வாய்க்கிழமை வந்து என்னைக் கூப்பிட்டனுப்பினார். வேலையே போயிற்று என்று நினைத்துக்கொண்டு போனேன்.

"மிஸ்டர் ஐயர், அந்த வீட்டில் எப்படித்தான் காலம் தள்ளுகிறீர்கள்? பகையாளிகூட அங்கே இருக்கக் கூடாது."

"பழகிவிட்டது, ஸார்" என்றேன், முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு.

ரங்கூனுக்குப் பக்கத்து மேஜைக்காரர் போகிறார். மாமியார் அவர் வீட்டில் வந்து தங்கி ஒரு வருஷம் ஆகிறது. அவராகவே கெஞ்சிக் கேட்டு வாங்கிக்கொண்டார். எல்லோருக்கும் சந்தோஷம்.

வீட்டுக்கு வந்து சொன்னேன். கமலம் அடுப்பு மேடையில் சாய்ந்துகொண்டாள். கண்ணைத் துடைத்துக்கொண்டாள். எனக்கு ஆச்சரியம்.

"ரங்கூன்னா அத்தனை பயமாடி உனக்கு?"

"உங்களுக்கென்ன, எந்த ஊருக்குப் போனாலும் ஒரு ஆபீஸ் இருக்கும். கார்த்தால போனா விளக்கு வைக்கத் திரும்பறேள். நான் இந்த ஜன்னலோடதான் குடித்தனம் பண்றேன்."

"அதுக்காகவா இந்த ரூமை..."

"சமையல் ரூம்னு சொல்லாட்டா இது எனக்குக் கிடைச்சிருக்குமா? நீங்களும் உங்க சிநேகிதாளும் உக்காந்துண்டு சீட்டாடிண்டிருப்பேள். நான் பின்கட்டுல சுவத்தைப் பார்த்துண்டு புகையில நின்னுண்டிருப்பேன்."

நானும் படித்தவன்தான், இத்தனை நாளாக இந்த வீட்டை அமர்த்தினது நான் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். வீடு யாருடையது? வாடகைச் சீட்டு என் பெயரில் இருக்கிறது, அவ்வளவுதான். ஏரிக்கரை வீட்டின் இன்பம் ஏரியில் இல்லை, வீட்டிலும் இல்லை. அதை யாருக்கும் விட்டுக்கொடுக்காத ஒரு மனுஷி உள்ளே நிற்கிறாளே, அதில் இருக்கிறது. இதை நான் மனசாரச் சொல்கிறேன். அவளிடமும் சொன்னேன். வெட்கப்பட்டுக்கொண்டு, "போருமே" என்றாள்.

இன்று காலை பனி சுத்தமாக விலகியிருந்தது. "ஏன்னா, ஏரி இன்னிக்கு எத்தனை அழகா இருக்கு தெரியுமோ! வாங்கோ, ரெண்டு பேருமா நின்னு பார்க்கலாம்" என்று கமலம் கூப்பிட்டாள். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அப்படி அவள் கூப்பிட்டதே இல்லை. பேனாவைப் போட்டுவிட்டு ஓடினேன்.

நிலைப்படியில் கையை நீட்டி மறித்தாள்.

"குளிச்சேளோ?"